ஆறரைக்கு ஒரு வண்டி

மூடிக் கிடக்கும் மேம்பாலத்தில் ஆறு மணிக்கு ஒரே ஒரு வண்டி வரும் என்றது கணிப்புத் திரை.

பாலத்தின் நடுத்துண்டைப் பெயர்த்தெடுத்து மாதம் இரண்டாகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் எந்தச் சாலையில் எத்தனை வண்டி என்று இயந்திரம் சொல்லும். அதைப் பார்த்து, போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் அவன் சிக்னல் நேரத்தைக் கூட்டிக் குறைப்பான். ஊரையே சீக்கிரம் வீடு சேர்ப்பவன், தன் வீட்டுக்கு மட்டும் சாப்பாடு ஆறிய பிறகுதான் போவான். பொருந்தாத எண்ணைப் பிழையென்று அடித்துப் பூஜ்யமாக்கிவிடுவது அந்த அறை வழக்கம். எட்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது. அடித்தான்.

குளிர்சாதனம் முனக, மேசையில் மறந்த காபி புளித்து நாற, எரியும் கண்ணைக் கசக்கியபடி கேமராவைப் பார்த்தான். பாலத்துக் காவலாளி மொபெட்டைத் தடுப்புக்குள் உருட்டிக்கொண்டு வந்தார். மணி ஆறு. மொபெட் இல்லை. ஆளும் இல்லை.

தூக்கக் கலக்கம் என்று தன்னையே நொந்துகொண்டு, ஆறேகாலுக்குப் பூட்டிய கிடங்குச் சந்தில் திரை காட்டிய ‘ஒன்று’ என்ற எண்ணையும் அடித்தான். ஆறேகாலுக்கு ஒரு வேன் அந்தச் சந்துக்குள் திரும்பியது. திரும்பி முடிக்கவில்லை.

அடுத்த வரி, அவன் வீட்டுத் தெரு. ஆறரை: ஒன்று.

மனைவி வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும் நேரம். மூன்று முறை அழைத்தான். ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள். அவனே திட்டித் திட்டிப் பழக்கியது. நான்காவது முறை எடுத்தாள்.

“என்னங்க, நாற்காலியோடவே குடும்பம் நடத்தப் போறீங்களா?”

“எங்க இருக்க?”

“தெருமுனை. ஓரமா நிறுத்திட்டுத்தான் பேசுறேன், திட்டாதீங்க.”

“உள்ள போகாத. அப்படியே திரும்பிடு.”

“நல்லா இருக்கே! காலு விட்டுப்போச்சுங்க எனக்கு. ரெண்டு நிமிஷத்துல வீடு.”

வண்டி உறுமியது. அவன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான். இதை அடிக்கமாட்டான். இந்த ஒன்றை மட்டும்.

திரையின் அடியில் ஒரு வரி ஓடியது.

‘உங்கள் திருத்தங்களிலிருந்து கற்றுக்கொண்டேன். இனி உங்களுக்குச் சிரமமில்லை.’

ஒன்று, பூஜ்யமானது.

ஆறரை.

தெரு கேமராவில் தெரு மட்டும். போன் துண்டிக்கப்படவில்லை. இண்டிகேட்டர் சத்தம். டிக். டிக்.

“ஏங்க...” காதோடு ஒட்டிய குரல். “நம்ம தெருவைக் காணோமே?”

திரையில், ஆளில்லாத தெருவின் நடுவே, தெருநாய் ஒன்று ஒரு ஸ்கூட்டர் நிற்குமளவு வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்துக்கொண்டிருந்தது.