கொலைக்கு சாம்பிள் காட்டாதே!

ட்ரிங்... ட்ரிங்...

வக்கீல் டின்சி போனை எடுத்ததும் மறுமுனையில் ஒரே அலறல்.

"வக்கீலம்மா! நான் ஏசுதாஸைக் கொல்லலம்மா!"

"யாருங்க பேசுறது? ஏசுதாஸ் செத்துட்டாரா?"

"இன்னும் இல்லம்மா... ஆஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடக்கான்!"

அரை மணியில் ஆளே நேரில் வந்து நின்றார்.

மிக்கேல்ராஜ். மலையாளப் பக்கத்து மலையூரான சக்குபள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டக்காரர். பக்கத்துத் தோட்டம் ஏசுதாஸுடையது. நடுவில் ஓர் எல்லைக் கல். அந்தக் கல்லுக்காகப் போன வாரம்தான் டீக்கடையில், 'உன் மண்டையப் பொளப்பேன்டா!' என்று மிக்கேல்ராஜ் ஊர் கேட்கக் கத்தியிருந்தார்.

நேற்றுக் காலை ஏசுதாஸின் மண்டை பிளந்துவிட்டது!

யாரோ அவரை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு ஓடிவிட்டார்கள். போலீஸ் தேடியது மிக்கேல்ராஜை. கொலை முயற்சி!

"இதுதான் என் பீஸ். ரசீது தருவேன். வக்காலத்தைப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. இப்பச் சொல்லுங்கண்ணே, நேத்துக் காலையில எங்க இருந்தீங்க?"

"காய்ச்சல்மா. போர்வைக்குள்ள சுருண்டு கெடந்தேன்."

டின்சி ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் மிக்கேல்ராஜின் ஜீப். பளபளவென்று கழுவியிருந்தது.

ஆடி மழையில் ஜீப்பைக் கழுவும் மனிதனா? அதுவும் சக்குபள்ளத்தில்?

"அண்ணே... முழுசாச் சொல்லிட்டீங்களா?"

"மாதா சத்தியமா!"

முன்ஜாமீன் மனு போனது. விசாரணை வரை கைது வேண்டாம் என்றது கோர்ட்.

விசாரணை நாள். வெளியே போலீஸ் ஜீப் தயாராக நின்றது.

கிளார்க் கேஸைக் கூப்பிட்டார். டின்சி எழுந்தாள்.

கூடவே இன்னும் இரண்டு வக்கீல்கள் எழுந்தார்கள்!

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அவர் மலையாளத்தில் கேட்டது, தமிழில் இப்படி வரும்: "இதில் மிக்கேல்ராஜின் வக்கீல் யார்?"

"நான்தான்!"

மூன்று குரல்கள்!

நீதிபதி மூன்று மனுக்களையும் புரட்டினார். "முதல் மனுவில் காய்ச்சல். இரண்டாவதில் வேளாங்கண்ணி போயிருந்தார். மூன்றாவதில், ஏசுதாஸ் வெட்ட வந்ததால் தற்காப்புக்குத் தள்ளினார்... ஆக, காய்ச்சலோடு வேளாங்கண்ணி போய், அங்கிருந்தே கையை நீட்டித் தள்ளினாரா?"

கோர்ட் குலுங்கியது. அரசு வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார்.

டின்சி பத்து நிமிஷம் கேட்டு வாங்கி, மிக்கேல்ராஜை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"மூணு வக்கீலாண்ணே!"

"வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலத்துல வந்த பழக்கம்மா... நல்ல காயாப் பொறுக்கி நாலு பேருக்கு சாம்பிள் காட்டுவோம். எவன்கிட்ட படியுதோ..."

"காயா வித்துக்கிட்டு இருக்கீங்க? ஜெயிலுக்குப் போற கேஸு! ஒரு வக்கீல் பிடிக்கலைன்னா அவர்கிட்ட சம்மதம் எழுதி வாங்கிட்டுத்தான் அடுத்தவர்கிட்ட வரணும். இப்ப மூட்டையக் கவுத்துக் கொட்டுங்க. சொத்தை, பிஞ்சு, தூசி... எல்லாம்!"

மிக்கேல்ராஜ் கொட்டினார்.

டின்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதையா மறைச்சீங்க? உங்களைக் காப்பாத்தப் போறதே இதுதான்! கோர்ட்ல சொல்லட்டுமா?"

"வெக்கமா இருக்கும்மா..."

"ஜெயில்ல இதைவிட வெக்கமா இருக்கும்!"

தலையாட்டினார். மற்ற இரு வக்கீல்களும் விட்டால் போதும் என்று விலகல் கடிதம் கொடுத்தார்கள்.

டின்சி மீண்டும் கோர்ட்டில் நின்றாள்.

"ஏசுதாஸை ஜீப்பில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்ததே என் கட்சிக்காரர்தான்! வாசல் கேமராவைப் பார்க்கலாம். ரத்தம் பட்டதால்தான் ஜீப்பைக் கழுவினார்."

அரசு வக்கீல் பாய்ந்தார். "விடியற்காலையில் அடுத்தவர் தோட்டத்தில் இவருக்கு என்ன வேலை?"

"எல்லைக் கல்லைத் தள்ளிவைக்கப் போனார்!"

அரசு வக்கீல் மறுபடி பாய்வதற்குள் டின்சி தொடர்ந்தாள்.

"ஆனால் கல்லைக் காணோம். கல் இருந்த இடத்தில் குழி. குழிக்குள்... ஏசுதாஸ்!"

அப்போது வாசலில் சலசலப்பு. தலையில் பெரிய கட்டுடன் ஓர் உருவம், போலீஸ்காரரின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்தது.

ஏசுதாஸ்!

"இன்னைக்குத்தான் நெனவு வந்துச்சுங்கய்யா. அவன் அடிக்கல! குழியில தடுக்கி விழுந்துட்டேன். கையில இருந்த கல்லு மண்டையில அடிச்சிருச்சு..."

"கல் உங்கள் கைக்கு எப்படி வந்தது?" என்றார் நீதிபதி.

ஏசுதாஸ் கட்டைத் தடவினார். மிக்கேல்ராஜைப் பார்த்தார்.

"நானும் தள்ளிவைக்கத்தான் போனேன்யா... அவன் பக்கமா!"

மிக்கேல்ராஜுக்கு முன்ஜாமீன் கிடைத்தது. பொய் மனுக்களுக்கு நல்ல டோஸும் கிடைத்தது. இனி அந்தக் கல்லை சர்வேயர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது!

வெளியே டின்சியின் வழியை மறித்தார் ஏசுதாஸ்.

"வக்கீலம்மா! அந்தக் கல்லுக்காக நான் போடப்போற எல்லைக் கேஸுல எனக்கும் நீங்களே நின்னுருங்க!"

"ஒரே கல்லுக்கு ரெண்டு பக்கமும் நான் நிக்க முடியாதுண்ணே. வேற வக்கீலைப் பாருங்க."

"அதெல்லாம் ஏற்கெனவே நாலு பேரைப் போட்டாச்சும்மா..." குழைந்தார் ஏசுதாஸ். "உங்களுக்குச் சும்மா ஒரு சாம்பிள்தான்!"