வெளியே தருவதில்லை!

“ஆ...!”

ரூபி போட்ட அலறல் அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே அடங்கிப்போனது.

தப்பு அலறலில் இல்லை. அறையில்!

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையில் ஒரு கல்லூரி. அதன் நூலகத்தின் மூலையில் இசை கேட்கும் அறை. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது என்று சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் அட்டை அடித்து மெத்தை தைத்திருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தாராளமாகச் செலவழித்துக் கட்டிக் கொடுத்தது. பாவம், உள்ளேயிருந்து ஒரு பெண் அலற வேண்டிவரும் என்று அவர் யோசிக்கவில்லை.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதன் வழியே...

நூலகர் எட்வர்ட் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் அவருடைய இரும்பு பஞ்சிங் மெஷின்.

ரூபி கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உள்பக்கக் கைப்பிடி உடைந்து வருஷக்கணக்காகிறது. புதிது கேட்டு எட்வர்ட் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டார். பாட்டுக் கேட்டு முடித்தவர்கள் உள்ளேயிருந்து பெல் அடிக்க வேண்டும். எட்வர்ட் வந்து வெளியேயிருந்து திறப்பார். அதுதான் ஏற்பாடு.

அவள் பெல்லை அழுத்தினாள்.

ட்ரிங்ங்...!

யார் வருவார்கள்? வர வேண்டியவர்தான் கிடக்கிறாரே!

சனிக்கிழமை மத்தியானம். மாணவர்கள் போயாகிவிட்டது. இனி திங்கட்கிழமைதான் ஆள் நடமாட்டம். ரூபிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அந்த மனுஷர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்!

“ஏட்டி ரூபி, வந்துட்டும்மா ஒன் கேசட்டு! மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரிக்கு எத்தனை லெட்டர் போட்டேன் தெரியுமா?”

“ஹாஸ்டலுக்குக் கொண்டு போயி கேட்டுட்டுத் தாரேன் சார்...”

“அது மட்டும் ஏலாது. பாரு, உறையிலேயே முத்திரை குத்தியிருக்கான்.” வாசித்துக் காட்டினார். “‘வெளியே தருவதில்லை.’ இங்கனயே வச்சுக் கேட்டுக்கோ.”

புதியம்புத்தூர்ப் பெண் ரூபி. தையல் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள். எம்.ஃபில். ஆராய்ச்சிக்கு எடுத்தது கமலைப் பாட்டு. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும்போது கரிசல்காட்டு சம்சாரிகள் பாடுவது. அந்தப் பாட்டுகளை முதன்முதலில் பதிவு செய்தது யார் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பெயரைச் சொல்வார்கள். டாக்டர் ஹரிஹரசுதன். அவளுடைய கைடு. அடுத்த மாதம் துணைவேந்தராகப் போகிறவர்!

ஆனால் மெட்ராஸ் நூலகத்தின் பழைய அட்டவணையில் வேறொரு பெயர் இருந்தது. பூவனநாதன். இருபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு மாணவன்.

இன்று ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். எல்லாம் அவள் கைடின் புத்தகத்தில் இருக்கும் அதே பாட்டுகள். நடுவில் பாடுகிறவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“ஒங்ககூட ஒருத்தர் குடை பிடிச்சுக்கிட்டு வருவாரே தம்பி, எங்க?”

“ஹரிஹரசுதனா? அவனுக்கு வெயில் ஆகாது அண்ணாச்சி. லாட்ஜ்ல தூங்குதான்!”

ரூபி திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். கண்ணாடி வழியே பார்த்தால்... எட்வர்ட் தரையில்!

இப்போது அந்தக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது.

ஹரிஹரசுதன்!

கதவு திறந்தது. அங்கவஸ்திரம் சரிய, அவர் உள்ளே வந்தார்.

“ரூபி! ஒனக்கு ஒண்ணுமில்லையேம்மா?”

“சார்! எட்வர்ட் சாரை யாரோ... கதவைச் சாத்தாதீங்க சார்!”

டக்.

சாத்திவிட்டார்.

“பயப்படாத. கேசட் எங்க?”

அடிபட்டுக் கிடக்கும் மனுஷரைத் தாண்டி வந்தவர் கேட்கிற முதல் கேள்வியா இது?

“நீங்களா சார்?”

“அந்த எட்வர்ட் காலையில டீக்கடையில வச்சு, ‘ஒங்க கூட்டாளி டேப்பு வந்திருக்கு சார்’னு பல்லைக் காட்டுதான். ஒலகத்துல ஒரு காப்பிகூட இல்லைன்னு நெனச்சிருந்தேன்.”

“கேசட்டைக் கேட்டு வாங்குத ஃபாரத்துல கையெழுத்துப் போட்டதே நீங்கதான சார்?”

“நான் எந்த ஃபாரத்தைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன்?”

கேசட்டைப் பிடுங்கினார். நாடாவை உருவிக் குவித்தார். தீக்குச்சியை உரசினார். கோவில்பட்டியில் அதற்கா பஞ்சம்!

நாடா பொசுங்கிச் சுருண்டது. கரும்புகை கூரையில் முட்டித் திரும்பி வந்தது.

“பூவனநாதனையும்...?”

“சே! அவன் பாம்பு கடிச்சுச் செத்தான். நான் அவன் டேப்புப் பெட்டியைத்தான் எடுத்தேன். இருபது வருஷமா அதை வச்சுத்தான் மரியாதையா இருக்கேன் ரூபி. அதை ஒனக்குத் தூக்கிக் குடுக்க முடியுமா?”

அங்கவஸ்திரத்தை இரண்டு கையிலும் முறுக்கிக்கொண்டு நெருங்கினார்.

ரூபி சுவரோடு ஒட்டினாள். ஆனால் மூளை ஓடியது.

“என்னைக் கொன்னுட்டு எப்படி சார் வெளிய போவீங்க?”

“வந்த கதவு வழியாத்தான்.”

“கைப்பிடி எங்க சார்?”

திரும்பிப் பார்த்தார். மெத்தை தைத்த கதவு. நடுவில் ஒரு ஓட்டை. அவ்வளவுதான்!

தள்ளினார். நகத்தால் நெம்பினார். தோளால் மோதினார். கதவு கண்டுகொள்ளவே இல்லை.

“இந்த ரூமுக்கு இதுக்கு முந்தி நீங்க வந்ததே இல்லையா சார்?”

“ஸ்டூடன்ட்ஸைத்தான் அனுப்புவேன்...” இருமினார்.

“இங்கன காத்தும் கெடையாது. திங்கக்கிழமை வரைக்கும் என் பொணத்தோட உக்காந்திருப்பீங்களா?”

அங்கவஸ்திரம் கை நழுவியது. முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. இப்போது அந்த அறையில் மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர்!

“வெளிய போக வழியே இல்லையா?”

“பெல் இருக்கு. அடிச்சா எட்வர்ட் சார் வந்து தொறப்பாவ.”

ஹரிஹரசுதன் பெல்லையே பார்த்தார். பிறகு பாய்ந்து அழுத்தினார். தான் அடித்துப்போட்ட மனுஷரை, எழுந்து வா என்று விடாமல் கூப்பிட்டார்!

ட்ரிங்ங்...! ட்ரிங்ங்...!

புகை கண்ணைக் கரித்தது. மூச்சு முட்டியது.

கண்ணாடியில் மெல்ல எழும்பியது ஒரு முகம்... ரத்தம் வழிய!

“ஐயோ!” இந்த முறை அலறியது பேராசிரியர்.

எட்வர்ட் அவரைப் பார்த்தார். குனிந்து வாசலைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

திறக்கவில்லை. வெளித்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்!

“சார்... என்னை விட்டுட்டுப் போறீங்களே!” ரூபி கதவை அறைந்தாள்.

சாட்சி ஒருவர் உயிரோடு நடமாடும்போது இன்னொரு கொலை எதற்கு? ஹரிஹரசுதன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ரூபி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

ஒருவழியாகக் கதவு திறந்தபோது இன்ஸ்பெக்டர் செண்பகராஜ் நின்றிருந்தார். பின்னால், துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு எட்வர்ட்.

வெளிக்காற்று பட்டதும் பேராசிரியருக்குப் பழைய மிடுக்கு திரும்பியது.

“இன்ஸ்பெக்டர்! நான் வரும்போது எட்வர்ட் நல்லாத்தான் உக்காந்திருந்தார். அவரேதான் கதவைத் தொறந்து விட்டார். அப்புறம் எவனோ வந்து அடிச்சிருக்கான். இந்தப் பொண்ணு பயத்துல ஒளறுவா. டேப்பா? எந்த டேப்பு?”

“எட்வர்ட் சார், அடிச்சவனைப் பாத்தீங்களா?” என்றார் செண்பகராஜ்.

“இல்ல சார். பின்னால இருந்துல்லா அடிச்சான்.”

பேராசிரியர் உதட்டில் சிரிப்பு.

“ஆனா கண்ணு முழிச்சதும் வாசலைப் பாத்தேன்.”

சரஸ்வதி படம் மாட்டிய இசை அறையின் வாசல். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பலகை. அதன் கீழே ரூபியின் செருப்பு. பக்கத்தில், ஒழுங்காகச் சேர்த்து விடப்பட்ட ஒரு ஜோடித் தோல் செருப்பு.

இத்தனை வருஷப் பழக்கம்! சங்கீதம் இருக்கும் அறைக்குள் செருப்போடு நுழைய அவர் கால் கூசியிருக்கிறது.

செண்பகராஜ் ஒன்றைக் கைக்குட்டையால் பிடித்துத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்க ரத்தம்!

“நல்லா உக்காந்திருந்தவர் ரத்தம் ஒங்க செருப்புல எப்படி சார் வந்துச்சு?”

பேராசிரியர் செருப்பையும் எட்வர்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டேப்புதான் சாம்பலாப் போச்சு சார்!” ரூபியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதாள். “பூவனநாதனுக்கு இனி யாரு சாட்சி?”

“அழாத புள்ள. மெட்ராஸ்காரன் ஒரிஜினலை அனுப்புவானா? அது அலமாரியில பத்திரமா இருக்கு. நமக்கு அனுப்புனது காப்பி. லைப்ரரிப் பக்கம் ஒருநாளாவது வந்திருந்தா இந்தப் புரொபசருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

பேராசிரியரின் தோள் தொங்கிப்போனது. கைவிலங்கு மாட்டிக்கொண்டார். நூலக வாசலில் சித்திரை வெயில் கொதித்தது. கால் வைத்தவர் துள்ளிப் பின்வாங்கினார். வெயில் ஆகாத மனுஷராயிற்றே!

“என் செருப்பு...”

எட்வர்ட் நிதானமாகச் சொன்னார்.

“அது வெளிய தர்றதில்ல சார். கோர்ட்டுக்கு வந்து, அங்கனயே வச்சுப் பாத்துக்கோங்க!”