ஏரிக்கரையில் செத்துப்போன பேட்டரி

"செத்துப்போன பேட்டரிக்கெல்லாம் துப்புத் துலக்குவீங்களா அக்கா?"

நூலகத்தம்மாவிடம் இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னும் யாரும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. விடுமுறைக்கு அவளும் கணவரும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே மின்கம்பம் கிடையாது, கைப்பேசிக்கு உயிர் கிடையாது. தொலைந்த புத்தகம் எந்த வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள் என்று அவள் கணவர் கரை முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர். விசில் இல்லாமலே ஊரைத் திரும்பிப் பார்க்க வைப்பவர்.

கேட்டவள் பக்கத்து வேனில் வந்திருந்த இளம்பெண். அவள் கணவன் மூக்குக்கண்ணாடி செய்பவன். பழைய வேன் ஒன்றை வீடும் கடையுமாக மாற்றி, கிராமம் கிராமமாகப் போய்க் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பது இருவரின் கனவு. இது வெள்ளோட்டம். கூடவே, சரிப்பட்டு வருமா என்று பார்க்க அவள் அண்ணனும் வந்திருந்தார். வேனோ இரண்டு காலையாகச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு விக்கலோடு சரி. நாளைக் காலையும் தானாகக் கிளம்பாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, தான் பார்த்து வைத்திருக்கும் கடையில் மாப்பிள்ளை வேலைக்குப் போக வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

வேன் அடர்ந்த மரநிழலில் நின்றது. எட்ட இருந்த பாறை மேல் சூரியப் பலகை சாய்ந்திருக்க, அதிலிருந்து ஒயர் வண்டிக்கு வந்தது. இருப்பது ஒரே பேட்டரிதான், இன்ஜினைக் கிளப்புவதும் ராத்திரி விளக்கு, விசிறி ஓட்டுவதும் அதுதான் என்று கண்ணாடிக்காரன் விளக்கினான். இரவு தின்றதைப் பகல் வெயில் நிரப்பிவிடும். வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்தவரை ஒரு குறையும் இல்லை. நேற்று ஒரு ஜீப்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். புகைக்கு அண்ணன் இருமியதால் உடனே அணைத்துவிட்டார்களாம். ராத்திரி விசிறிகூடப் போடவில்லை. கொசுக்களுக்குத்தான் விருந்து.

"பகல்ல யாரு இங்க இருப்பா?" என்று நூலகத்தம்மா கேட்டாள்.

தாங்கள் இருவரும் மலைக்கு அந்தப்பக்கக் கிராமத்துக்குக் கண் பார்க்கப் போய்விடுவதாகவும், அண்ணன்தான் காவல் என்றும் அந்தப் பெண் சொன்னாள்.

கண்டக்டர் மனைவியின் காதைக் கடித்தார். "அண்ணன்காரன்தான். ராத்திரி எழுந்து முன்விளக்கைப் போட்டுவிட்டிருக்கான். வண்டியை இழுத்துட்டுப் போகத் தடிக்கயிறு வேற கொண்டுவந்திருக்கானாம். கல்யாணத்துக்கு வரும்போதே பாடையோட வந்த மாதிரி."

அண்ணன் வாளிப்பக்கம் நின்று ஜீன்ஸ் பேண்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். கொண்டுவந்தது இரண்டே பேண்ட். ஆனாலும் நேற்றுப் போட்டதை இன்று தொடமாட்டாராம், காட்டில் கிடந்தாலும் மனுஷன் மனுஷனாக இருக்க வேண்டுமாம்.

நூலகத்தம்மா பாறை வரை நடந்தாள். வேன் கூரையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. பலகை மட்டும் பளபளவென்றிருந்தது. அதன் கீழ்விளிம்பில் காய்ந்த வெள்ளைக் கோடுகள். ஒயர் சேரும் பெட்டியில், இணைப்பு சரி என்று காட்டும் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. திரும்பி வந்து, அண்ணனிடம் சிரித்தபடி, "அந்தப் பேண்ட்டை அப்படியே இந்தக் கிளையில போட்டுட்டு வாங்க தம்பி. எங்க கூடாரத்துல சீட்டாட ஒரு கை குறையுது," என்றாள்.

அன்று முழுக்க ஆடினார்கள். கண்டக்டர் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார். திருடனைக் கூப்பிட்டு விருந்து வைத்தால் கேஸ் எப்படி உருப்படும் என்று இருட்டும்வரை முணுமுணுத்தார்.

மறுநாள் காலை எல்லோரும் வேனைச் சுற்றி நின்றார்கள். தங்கை சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு முறை செருமிவிட்டு, 'டுர்ர்' என்று பிடித்துக்கொண்டது. மரத்திலிருந்த கொக்குகள் அத்தனையும் பறந்தன.

நூலகத்தம்மா அண்ணனைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அரைக்கால் சட்டையில், முழங்கால் தெரிய நின்றார்.

"என்ன தம்பி, இன்னைக்கு இந்தக் கோலம்?"

"பேண்ட் காயலைங்க."

"தினமும் சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடுமே. நேத்து மட்டும் ஏன் காயலை?"

அண்ணன் கிளையில் தொங்கிய பேண்ட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க கொடிக்கயிறு இல்லை, சுத்திலும் நிழல்," என்று அவள் நிதானமாகச் சொன்னாள். "அவ்வளவு தடிச்ச துணி காயணும்னா வெயில் வேணும். வெயில் பாறை மேலதான். அங்கயும் வழவழன்னு, சூடா இருக்கறது அந்தப் பலகை ஒண்ணுதான். அதுல தினமும் ஈரத்துணி விரிச்சதால புழுதி போயிடுச்சு, சோப்புக்கோடு நின்னுடுச்சு. பாதி மூடினாலே பலகை படுத்துடும். கொல்லையில கொடி இருந்துச்சு, அதனால அங்க பிரச்சினை வரலை. நேத்துப் பகல் முழுக்கத் தம்பி எங்ககூட இருந்தார், பேட்டரி வயிறு நிறைஞ்சுது."

"அப்போ வேணும்னே செஞ்சதுதானே?" என்றார் கண்டக்டர் விடாமல்.

"இல்லைங்க. வேணும்னு செஞ்சவர், பேண்ட் காயலைன்னு தன் வாயாலயே சொல்லுவாரா?"

கண்ணாடிக்காரன் வானத்தைப் பார்த்தான். தங்கை ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்; தோள்கள் மட்டும் குலுங்கின.

மூன்று நாளாக ஓயாமல் பேசிய அண்ணன் வேனுக்குள் போய்ப் பையை எடுத்தார். அதிலிருந்து அந்த இழுவைக் கயிற்றை உருவினார். பாறையை ஒட்டி வெயில் விழும் இரண்டு மரங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, ஒருமுறை தொங்கிப் பார்த்தார். கிளையிலிருந்த ஈரப் பேண்ட்டை எடுத்து வந்து, சுருக்கம் நீவி, அதில் போட்டார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அரைக்கால் சட்டையோடு பஸ் வரும் சாலையைப் பார்த்து நடந்தார்.