நாக்கில் ஒட்டும் எலும்பு

ஆலங்காயத்தில் ஏறிய பஸ், காவலூரைத் தாண்டி மூன்றாவது வளைவில் ஷோபனாவை இறக்கிவிட்டுப் போனது. மதியம் இரண்டு மணி. ஆனாலும் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நவம்பர் மேகம் மலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

பழக்கதோஷத்தில் செல்போனை எடுத்தாள். வந்து சேர்ந்துவிட்டதாகச் சொல்ல வேண்டும். யாரிடம்? பட்டியலில் அம்மாவின் எண்தான் முதலில் இருந்தது. அம்மா போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

போனைப் பைக்குள் போட்டாள்.

வளைவிலிருந்து அவள் வேலை செய்யப்போகும் ஓட்டு வீட்டுக்கு இருபது நிமிட ஒற்றையடிப் பாதை. வண்டி வராது. அதற்காகவே இந்த வீட்டைப் பிடித்திருந்தார்கள். சென்னை ஆய்வுக்கூடத்துக்கு அடியில் சுரங்க ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அதிர்வுக்கும் அங்கிருந்த புதைபடிவத் தாடை ஒரு சிட்டிகை பொடியாக உதிர்ந்தது. ஏழு கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு ஊர்வனவின் கீழ்த்தாடை. அரியலூர்ப் பக்கம் பாறையோடு பெயர்த்தது. நான்கு பேர் தூளி கட்டித் தூக்கி வந்து இங்கே வைத்திருந்தார்கள்.

ஒட்டியிருக்கும் கல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும். எலும்புக்குப் பசை ஊட்டி இறுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி வெற்றிச்செல்வன் வந்து பார்ப்பார். தாடை நின்றால் ஷோபனாவின் ஒன்பது வருட ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். உதிர்ந்தால், நாற்பத்தொரு வயதில் வேறு வேலை தேட வேண்டும்.

வாசலில் சாவியோடு நின்றிருந்தாள் மாதம்மாள். சமையலுக்கும் காவலுக்கும் அவள்தான்.

"இன்னா மேடம், தனியாவா வந்தீங்க?"

"ஒரு தாடைக்கு ஒரு ஆள் போதாதாங்க?"

"நல்லா இருக்குதே! எங்க மாமியாளுக்குப் பல்லு மொத்தமும் கொட்டிப் போச்சு, ஒருத்தரும் எட்டிப் பாக்கல. செத்த பல்லிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஆளு வருது."

ஷோபனா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"முன்னாடி வந்த ஆனந்தன் சாரும் இப்படித்தான் சிரிப்பாரு. கடவாயில ஒரு தங்கப் பல்லு, பளிச்சுனு தெரியும். போறப்ப வாயத் துண்டால மூடிகினு போனாரு. இன்னா சார்னு கேட்டேன். ஒரு வார்த்த பேசல."

"பல்வலியா இருக்கும்."

"இருக்கும்." மாதம்மாள் சாவியைக் கொடுத்தாள். "சாமைச் சோறு ஆக்கி வாசல்ல வச்சுட்டுப் போறேன். நான் உள்ள வர்றதில்ல."

"ஏங்க?"

"எச்சி நாத்தம் அடிக்குது அந்த ரூம்ல."

போய்விட்டாள். மேகம் அவளை நாலே எட்டில் விழுங்கியது.

ஷோபனா கதவைத் திறந்தாள். அறை நடுவில் நீள மேசை. மணல் பைகளுக்கு நடுவே தாடை. முன்பாதி வெளியே தெரிந்தது, பின்பாதி இன்னும் கல்லுக்குள். கத்தி முனை போன்ற பற்கள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பம். மேல் தாடை இல்லாததால், எதையோ கேட்டுக் கையேந்தி வைத்த மாதிரி இருந்தது.

அசிட்டோன் நெடி. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நெடுநாள் திறக்காத வாயைத் திறந்த வாடை.

செவ்வாய் காலை வேலையைத் தொடங்கினாள். அசிட்டோனில் கரைத்த பசையைச் சொட்டு சொட்டாக எலும்பில் விட்டாள். காய்ந்த எலும்பு அதைக் குடிக்கும். முப்பது, நாற்பது சொட்டில் குடிப்பதை நிறுத்தும். மேலே ஈரம் பளபளக்கும். போதும் என்று அர்த்தம்.

இந்தத் தாடை நிறுத்தவில்லை.

நூறு. இருநூறு. மதியத்துக்குள் அரை புட்டி தீர்ந்தது. தூரிகையால் தொட்டாள். பொலபொலவென்று பொடி.

"இவ்வளவு குடிச்சும் தாகமா உனக்கு?" என்றாள்.

நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. கேட்கத்தான் ஆளில்லை.

"ச்."

யாரோ நாக்கைத் தட்டிய சத்தம்.

மேசையிலிருந்து.

கல் விரிசல் விடும் ஓசைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புதுப் புட்டி தேடி மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஆனந்தனின் குறிப்பேடு கிடந்தது. சுத்தமான கையெழுத்து.

'முதல் நாள்: இருநூறு சொட்டு. குடித்தது.'

'இரண்டாம் நாள்: எழுநூறு. குடித்தது. உதிர்வு நிற்கவில்லை.'

'மூன்றாம் நாள்: நாக்கு வைத்தேன். நின்றது.'

அடுத்த பக்கத்தில் கையெழுத்து கோணியிருந்தது.

'இன்னும் வேண்டுமாம்.'

குறிப்பேட்டை மூடி வைத்தாள். தனியாக இருந்து இருந்து ஆனந்தனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பாவம். அப்படித்தான் நினைத்தாள்.

புதன் மதியம் மழை. கல்லைச் சுரண்டும்போது நகக்கண் அளவு ஒரு சில்லு தெறித்தது. எலும்பா, கல்லா? கண்ணால் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். எலும்பில் நுண்துளைகள் இருக்கும், எச்சிலை உறிஞ்சி நாக்கில் ஒட்டும். கல் ஒட்டாது.

யோசிக்காமல் நாக்கில் வைத்தாள்.

ஒட்டியது.

எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

அந்தப் பக்கமிருந்து ஏதோ உறிஞ்சியது.

பிடுங்கினாள். தோலோடு வந்தது. சில்லின்மேல் ஒரு சொட்டு ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போய் மறைந்தது. சுரண்டும் ஊசியை வைத்துச் சில்லை அழுத்தினாள்.

வளைந்தது ஊசிதான்.

ஓட்டில் மழை. தாடையின் ஓரத்திலிருந்து பொடி ஒழுகிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் இப்படியே போனால் வெள்ளிக்கிழமை மேசையில் சாம்பல்தான் இருக்கும். அதைக் காட்டி என்ன சொல்வாள்? வேலையும் போய் எந்த வீட்டுக்குத் திரும்புவாள்? அங்கே மட்டும் யார் காத்திருக்கிறார்கள்?

இங்கே ஒன்று காத்திருந்தது.

கதவைச் சாத்தினாள்.

குனிந்தாள்.

வியாழன் காலை தாடை இரும்பாக இருந்தது. தட்டினால் கணீர் என்றது. அவள் நாக்கு வீங்கிக் கிடந்தது. இருந்தாலும் உற்சாகமாகப் பின்பாதிக் கல்லைச் சுரண்ட ஆரம்பித்தாள். மனிதக் கை படாத கல். ஏழு கோடி வருடமாகத் திறக்காத கல்.

ஊசி முனையில் ஏதோ பளிச்சென்றது.

தூரிகையால் துடைத்தாள். லென்ஸை வைத்தாள்.

கூர்மையில்லை. ரம்பமில்லை. தட்டையான, நான்கு முகடுள்ள கடைவாய்ப் பல். மனிதப் பல்.

தங்கம் பூசியது.

பயத்தில் அவள் நாக்கு தன் வழக்கப்படி இடது கடைவாய்க்குப் போனது. பள்ளிக்கூட நாளில் வெள்ளி அடைத்த பல் அங்கே இருக்க வேண்டும்.

இல்லை.

வலியும் இல்லை. ரத்தமும் இல்லை. வழவழப்பான ஒரு குழி மட்டும்.

மறுபடி லென்ஸ் வழியே பார்த்தாள். தங்கப் பல்லுக்குப் பக்கத்தில், பாதி கல்லுக்குள், வெள்ளியாக ஒரு புள்ளி.

ஊசியைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பாதையில் குரல்கள் கேட்டன. வருகிறவர்களிடம் அந்தப் பற்களைக் காட்டினால், தாடை போலி என்பார்கள். அவளைப் பித்தலாட்டக்காரி என்பார்கள். எலும்பில் இடைவெளி இருந்தால் பிளாஸ்டர் வைத்து அடைப்பது வழக்கம்தான். ஒரு கை பிளாஸ்டர் குழைத்தாள். இரண்டு பற்களையும் மூடிக் கல் நிறம் பூசினாள்.

கதவு தட்டப்பட்டது.

"மேடம், சார் வந்துட்டாருங்க!" வெளியே நின்று கத்தினாள் மாதம்மாள்.

வெற்றிச்செல்வன் தாடையை விரலால் சுண்டினார். முகம் மலர்ந்தது.

"அற்புதம் ஷோபனா! ஆனந்தனால முடியாதத முடிச்சிட்டீங்க. வேலை நிரந்தரம்னு வச்சுக்கங்க. இன்னொரு நல்ல செய்தி தெரியுமா? அதே பாறையில மேல் தாடையும் கிடைச்சிருக்கு. அடுத்த வாரம் இங்கயே அனுப்புறேன். நீங்களே இருந்து முடிச்சிடுங்க. என்ன, பேச்சையே காணோம்?"

அவள் ஆணியில் தொங்கிய துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்தார்.

வாசலுக்கு அப்பால், துண்டைப் பார்த்த மாதம்மாள் இரண்டடி பின்வாங்கினாள்.

இடது கடைவாய்க் குழியில் ஏதோ குறுகுறுத்தது. துண்டுக்குள் ஷோபனா மெல்ல நாக்கை அங்கே கொண்டுபோனாள்.

கூரான ஒரு முனை. ஓரமெல்லாம் ரம்பம்.

நாக்கு அதில் ஒட்டிக்கொண்டது.