வெளிக்கூண்டு

கோழிக்குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றிய மாலையில் அவை கீச்சிடவே இல்லை.

வீட்டுக்குள் இருந்தவரை ஓயாமல் கத்தியவை. சமையலறைக்குப் பின்னாலிருந்த அறையில், எரியும் பல்புக்குக் கீழே அட்டைப்பெட்டியில் வாரக்கணக்கில் கிடந்த அவற்றின் எச்ச நாற்றமும், உதிர்ந்த தூவியும், கொட்டிய தண்ணீரில் ஊறிப் புளித்த தீவனமும் சேர்ந்து புனிதாவின் சோற்றிலும் தலையணையிலும் ஏறியிருந்தன. ஒருநாள் பாலில் மஞ்சள் தூவி மிதந்தது. குடித்ததைச் சிங்கில் வாந்தியெடுத்தாள். அன்றே வெளியே கொண்டுபோகச் சொன்னாள்.

“ரெக்கை இன்னும் சரியா முளைக்கல லா. குளிர்ல செத்துப்போயிடும்,” என்றான் அவள் கணவன் முகுந்தன்.

“செத்தா சாகட்டுங்க. என்னால முடியல.”

மேரு என்ற ஊரில் அவர்கள் புதிதாகக் குடிவந்திருந்த வாடகை வீட்டின் பின்புறம், செம்பனை மரங்களை ஒட்டி, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கூண்டு ஒன்று இருந்தது. ஆள் தவழ்ந்து நுழையலாம். தகரக் கூரை, உள்ளே ஆழமாக ஓர் இருட்டு மூலை. முகுந்தன் கம்பிவலையை மாற்றிக் கட்டி மரத்தூள் பரப்பினான். அவள் பெட்டியைச் சாய்த்தாள். புது இடத்தில் மிரண்டு சிதறும் என்று நினைத்தாள். அவை சத்தமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, பழகிய இடத்துக்குப் போவதுபோல அந்த மூலைக்குள் நடந்துபோயின.

மறுநாள் தீவனம் அப்படியே கிடந்தது. அதற்கு மறுநாளும். பட்டினியில் கிடக்கிறதோ என்று ஒன்றைத் தூக்கியவளுக்கு உடம்பு கூசியது. குஞ்சு கனத்தது. கழுத்தடியில் இரைப்பை பழுத்த கட்டிபோலப் புடைத்திருந்தது. விரல் பட்டதும் அலகு திறந்து, புளித்த தயிரும் கெட்ட இறைச்சியும் கலந்த வாடையோடு, வெள்ளையான வெதுவெதுப்பான கூழ் அவள் மணிக்கட்டில் வழிந்தது. தோல் எரியும்வரை சோப்பு போட்டுத் தேய்த்தாள். வாடை போகவில்லை.

முகுந்தன் பார்க்கப் போனான். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, எல்லாம் நன்றாகத்தான் வளர்கின்றன என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை; பசிக்கவில்லையாம். அதன்பிறகு வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்புறம் போனான். அவனுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பாலைச் செய்து வைத்தாள். தட்டைத் தள்ளிவிட்டான். ஆனால் மெலியவில்லை. கன்னம் எண்ணெய் பூசியதுபோல மின்னியது, வயிறு சட்டையைத் தள்ளியது. உதட்டோரம் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. துடைக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். அதே வாடை.

“எங்கங்க சாப்பிடுறீங்க?”

அவன் சிரித்தான். பல்லெல்லாம் வெள்ளைப் பிசுக்கு. “நீயும் வா, புனி. எடம் இருக்கு.”

மறுநாள் பூச்சோங்கிலிருந்த அவன் அக்காவுக்குப் போன் செய்து, உடனே காரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். தான் மட்டும் தப்பித்துப்போக மனம் வரவில்லை. அவனை இழுத்தாவது ஏற்றிவிட வேண்டும். கார் வருவதற்குள் மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துச் சூராவில் மாலைத் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்தபோது கூண்டுப் பக்கமிருந்து அது கேட்டது. தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிடும் கொக் கொக். அவர்களிடம் தாய்க்கோழி கிடையாது. அந்தக் குரல் கோழியின் தொண்டைக்கு அடங்காத கனத்தோடு, மண்ணை அதிரவைத்துக்கொண்டு வந்தது.

கூண்டுக் கதவு திறந்திருந்தது. மண்டியிட்டாள். கைபேசி வெளிச்சத்தை உள்ளே நீட்டினாள்.

முதலில் அவன் பாதங்கள். மரத்தூளில், குப்புற.

பிறகு மூலை.

மூலை காலியாக இல்லை. கூரைவரை சதை. மயிரில்லாத, ஈரமான சதை. பாலாடை போலச் சுருங்கிய தோல். மூச்சு விட்டது. அதன் மடிப்புகளில் குஞ்சுகள் கழுத்துவரை புதைந்திருந்தன. விழுங்கும் சத்தம். நடுவில் முகுந்தன். முகம் முழுக்க உள்ளே. தொண்டை ஏறியது. இறங்கியது. ஏறியது.

“என்னங்க.”

அவன் திரும்பவில்லை.

அது திரும்பியது. கண் இல்லை. கொக் கொக் நின்றது.

பிறகு மெதுவாக, மழைக்கு முன் தாய்க்கோழி இறக்கையைத் தூக்குவதுபோல, தன் ஒரு பக்கத்தைத் தூக்கியது. நூல்நூலாகப் பிசின் இழுபட்டது. அடியில் ஒரு குழி. வெதுவெதுப்பாக. ஈரமாக.

சரியாக அவள் அளவுக்கு.