முன் பெஞ்சில் உறங்கியவள்

அவன் இரவு பகலாக எழுதித் தயாரித்த பிரசங்கத்தின் நடுவில், முன் பெஞ்சில் இருந்த பெண் தூங்கிவிட்டாள்.

சும்மா கண் அசரவில்லை... தலையைப் பக்கத்துத் தூணில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்த தூக்கம். வெள்ளைச் சீருடை, மழையில் நனைந்த வெள்ளை ஷூ. அவன் 'இளைப்பாறுதல்' என்று சொல்லச் சொல்ல, அவள் வரிக்கு வரி கீழ்ப்படிவது போலிருந்தது. பின் வரிசைகளில் சிரிப்பு பரவியது. மதிப்பெண் போட வந்திருந்த பேராசிரியர்கூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

ஆராதனை முடிந்து அவன் வெளியே வந்தபோது, அவள் பல்கலைக்கழக ஆலய வாசலில் மழை விடக் காத்திருந்தாள்.

"ஒரு நிமிஷம்... என் பிரசங்கம் அவ்வளவு மோசமா?"

அவள் திரும்பினாள். பெரிய கண்கள். அவற்றின் கீழே விழித்திருந்த இரவின் கருமை... அதுவும் மை தீட்டியது போல அழகாகத்தான் இருந்தது. அப்படித் தோன்றியதற்காக அவனுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

"தெரியலயே பிரதர். ஆரம்பம் மட்டும்தான் கேட்டேன்."

"தூங்கணும்னா பின்னாடி உட்காரக் கூடாதா?"

"பின்னாடி இடமெல்லாம் எனக்கு முன்னாடியே தூங்க வந்தவங்க பிடிச்சிட்டாங்க."

சிரிக்கக் கூடாது என்று இருந்தவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"நைட் டியூட்டி முடிச்சு நேரா வர்றேன். நீங்க 'இளைப்பாறுங்க'ன்னு சொன்னீங்க... ராத்திரியெல்லாம் யாரும் என்கிட்ட அப்படிச் சொல்லல."

சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கி நடந்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவனை அந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் 'குட்டிப் போதகர்' என்பார்கள். தாத்தா போதகர், அப்பா போதகர். பேசப் பழகியபோதே சபை நடுவில் ஜெபிக்கப் பழகியவன். ஆனால் இப்போது ஒரு வருடமாக, தனியாக முழங்கால் போட்டால் ஒரு வார்த்தை வரவில்லை. மேடை ஏறினால் மட்டும் கொட்டியது. அதுவே அவனைக் களைக்க வைத்தது. யாரிடமும் அவன் சொன்னதில்லை.

இறையியல் மாணவர்கள் வாரம் ஒருமுறை பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அவனுக்கு எலும்பு முறிவு வார்டு கிடைத்தது. தொடை எலும்பு உடைந்து, காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்த லாரி டிரைவரின் கட்டிலருகே நின்று கண்மூடி ஜெபிக்கத் தொடங்கினான். ஜெபம் நீண்டது.

"பிரதர்... ஆமென் எப்ப வரும்? அவருக்கு முதுகு துடைக்கணும்."

கண்ணைத் திறந்தால், அவளேதான். கையில் வெந்நீர்ப் பேசின்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"தண்ணி ஆறிடும். கடவுள் காத்திருப்பாரு."

லாரி டிரைவர் கட்டில் குலுங்கச் சிரித்து, கால் வலித்து, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர்" என்றார்.

அப்படித்தான் பழக்கமானது. அவள் மூன்றாம் ஆண்டு செவிலியர் மாணவி. டியூட்டி முடிந்ததும் மருத்துவமனைக் கேண்டீனில் ஒரு டீ... பேச்சு பாதி, கொட்டாவி பாதி. அவள் எப்போது வருவாள் என்று கதவைப் பார்ப்பது அவனுக்கு வழக்கமாகிப் போனது. தன் முடி கலைந்திருக்கிறதா என்று அவள் கேண்டீன் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒருநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே சொன்னாள்.

"போன வருஷம் ஒரு அம்மா... சின்ன வயசு, கைக்குழந்தை வேற. ராத்திரி பூரா அவங்க கையப் பிடிச்சு ஜெபிச்சேன். விடியறப்ப போயிட்டாங்க. அதுலேருந்து எனக்கு ஜெபம் வரல. கோபம்கூட இல்ல... சும்மா வரல."

'எனக்கும்தான்' என்று அவன் நாக்கு நுனிவரை வந்தது. போதகர் வீட்டுப் பிள்ளை அதை எப்படிச் சொல்வது? விழுங்கிவிட்டான்.

அடுத்த மாதம் அவனுடைய இரண்டாவது பிரசங்கம். இம்முறை யாரும் தூங்கவில்லை. "நம் வளாகத்திலேயே ஒரு செவிலியர் மாணவி இருக்கிறாள்..." என்று தொடங்கி, இறந்துபோன தாயையும், அதன் பிறகு ஜெபிக்க முடியாமல் போன பெண்ணையும் அவன் உருக்கமாகச் சொன்னான். ஆலயமே அசையாமல் கேட்டது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவன் தன்னையறியாமல் முன் பெஞ்சைப் பார்த்தான். அவள் விழித்திருந்தாள். அந்தக் கண்களில் இருந்ததைப் பார்த்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஆசீர்வாதம் சொல்லும் முன்பே எழுந்து போய்விட்டாள்.

அவளுடைய சித்தி அதே பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தாள். அன்றைக்கே ஊருக்குச் செய்தி போயிற்று. மாலையில் அம்மா போனில் அழுதாள்.

"உன்னை ஆண்டவர் கையில கொடுத்திருக்கோம்னுதானேடி நான் நிம்மதியா இருந்தேன். நீ அவர்கிட்ட பேசறதே இல்லையாமே... லீவுக்கு வா. அதுக்கப்புறம் அங்க படிக்கணுமான்னு பார்க்கலாம்."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அசதி.

மறுவாரம் வார்டில் அவன் அவள் எதிரே வந்து நின்றான். "மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? நல்லாத்தான் பேசினீங்க."

"நான் பேர் சொல்லல..."

"என்கூட அன்னைக்கு டியூட்டி பார்த்தவங்க எல்லாரும் உள்ளதான் உட்கார்ந்திருந்தாங்க. பேர் வேறயா சொல்லணும்?" குரல் உயரவில்லை. "உங்களை நம்பிச் சொன்னேன் பிரதர். வழி விடுங்க."

அதன் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. அவன் மட்டும் வாராவாரம் வந்தான். பயிற்சிக் காலம் முடிந்த பின்னும் வந்தான். ஜெபிக்கவில்லை. லாரி டிரைவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினான், தண்ணீர் பிடித்து வைத்தான், பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

"பிரதர், சிஸ்டர்னு கூப்பிட்டுக்கறீங்க," என்றார் லாரி டிரைவர். "எனக்கும் கூடப் பிறந்தவங்க நாலு பேர் இருக்காங்க தம்பி. அவங்க போற பக்கமெல்லாம் நான் இப்படி முழிச்சுப் பார்த்ததில்ல."

அவன் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

விடுமுறைக்கு முந்தின வாரம் அம்மாவிடமிருந்து மறுபடி போன் வந்தது. குரல் மாறியிருந்தது.

"ஒரு பையன் போன் பண்ணினான்டி. சித்திகிட்ட நம்பர் வாங்கினானாம். போதகர் வீட்டுப் பையனாம்ல... 'ஒரு வருஷமா என்னாலயும் ஜெபிக்க முடியலம்மா. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு உங்க பொண்ணு கதையை எடுத்துச் சொன்னேன். தப்பு என்னுது'ன்னான்." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "உங்கப்பா போனப்ப... ரெண்டு வருஷம் நானும் சபையில வாயை மட்டும்தான்டி அசைச்சேன். உன்கிட்ட எப்பவும் சொன்னதில்ல. நீ அங்கேயே இருந்து படிச்சு முடி."

அவள் அப்போதுதான் அழுதாள்.

மதியம் ஆலயத்துக்குப் போனாள். வேறு யாருமில்லை. கூரை ஒழுகி நனைந்திருந்த பெஞ்சுகளை அவன் ஒருவனாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"யாரைக் கேட்டு எங்கம்மாகிட்ட பேசினீங்க?"

அவன் நிமிர்ந்தான். "யாரையும் கேட்கல... அதுவும் தப்புதானா?"

"தப்புதான்."

சொன்னாளே தவிரப் போகவில்லை. இன்னொரு துணியை எடுத்து அடுத்த பெஞ்சைத் துடைத்தாள்.

"உங்களுக்கும் ஜெபம் வரலன்னு உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னேன். போதகரா ஆகறதுக்கு எனக்கு இன்னும் டைம் வேணும்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, சாப்டியாடான்னு மட்டும் கேட்டாரு."

அவள் உதடு லேசாகச் சிரித்தது. அவன் துணியைக் கீழே வைத்தான்.

"சுத்தி வளைச்சுப் பேசிப் பேசியே எனக்கு அலுத்துப்போச்சு. நேரா சொல்றேன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதை எந்த மேடையிலயும் சொல்ல மாட்டேன்."

அவள் துடைத்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். ஈரம் சீருடையில் ஏறியதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு எப்பவும் அசதிதான். படிப்பு முடிஞ்சாலும் டியூட்டி, டியூட்டின்னு ஓடணும். ஜெபமும் இன்னும் வரல... இப்படி ஒருத்தி பரவாயில்லையா?"

"எனக்கும்தான் வரல."

கொஞ்சம் இடம் விட்டு அவனும் உட்கார்ந்தான். ஜன்னல் வழியே வெளுத்த வெயில் தரையில் விழுந்தது. இருவரும் எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் யாரோ மூன்றாவதாகவும் உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு.

"எனக்கும் பிடிச்சிருக்கு..." என்றாள் தரையைப் பார்த்தபடி. "டிரைவர் அண்ணனுக்கு நகம் வெட்டிவிட்டீங்களே, அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"நீங்க பார்த்தீங்களா? அப்ப வார்டுல நர்ஸ் யாருமே இல்லையே..."

"திரைக்குப் பின்னாடி நின்னேன். கோபமா இருந்தேன், வெளிய வரல."

அவன் பெஞ்சின் மேல் கையை வைத்தான். கொஞ்சம் தயங்கி, அவள் தன் கையை அதன் மேல் வைத்தாள். ஓயாமல் கழுவிக் கழுவிச் சொரசொரத்துப்போன கை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான்.