வானத்தில் இல்லாத வெடிப்பு

காமாக் கதிர் வெடிப்பு ஒருமுறைதான் வரும். எங்கோ தூரத்தில் ஒரு நட்சத்திரம் செத்துப்போகும், அதன் கதிர் வந்து பாய்ந்துவிட்டு அடங்கிவிடும். அன்று பின்னேரம் றெஜினாவின் திரையில் தெரிந்த வெடிப்பு அடங்கியபிறகு மறுபடியும் எழும்பியது.

விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அனுப்பும் தரவுகளை மானிப்பாயில் தன் வீட்டு அறைக்குள் இருந்தே பார்ப்பது அவள் வேலை. போன மாதம் அவள் விடுத்த அறிவிப்புப் பிழையாகிப்போய் குழுவே சிரித்தது. குழுத்தலைவர் கனிசியஸ் நோர்வேயில் இருந்தார். அவருக்குப் போன் எடுத்தாள்.

“அது கருவியின்ரை கோளாறு, றெஜினா. விடுங்கோ.”

“இல்லை அண்ணை, திரும்பத் திரும்ப வருது.”

“அப்ப மின்னலா இருக்கும். இடிமுகிலிலையும் காமாக் கதிர் வாறதுதானே?”

“மின்னலெண்டா கண் வெட்ட முதல் முடிஞ்சிடும். இது நிண்டு எரியுது. ஒருக்கா பாருங்கோவன்!”

“நாளைக்குப் பாப்பம்.” வைத்துவிட்டார்.

ஆத்திரத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. திசையைத் தானே கணித்தாள். விடை வானத்தைக் காட்டவில்லை. தொலைநோக்கிக்குக் கீழே, பூமியைக் காட்டியது. சீ என்று அழித்துவிட்டு மறுபடி கணித்தாள். அதே விடை. இணையம் இழுபட்டு இழுபட்டுத் தரவை இறக்க, அவள் மேசையில் குத்தினாள். வரைபடத்தில் வெடிப்பின் இடத்தைக் காட்டும் வட்டம் சுருங்கியது. கடல். இலங்கை. வடக்கு. மானிப்பாய்.

சந்தியில் பஸ் கோன் அடிக்கிற சத்தமும், பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மெசினின் முனகலும், வேலியோரத்துக் காகங்களின் கரைச்சலும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போய், வயர் எரிந்ததுபோல ஒரு மணம் யன்னலால் வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த கணவன் ஜொனதனின் வாளிச் சத்தமும் இல்லை.

“இஞ்சருங்கோ!”

இன்னும் உரத்துக் கூப்பிட்டாள்.

“ஜொனதன்!”

“ஓம், வாறன்.”

அவன் குரல்தான். ஈரக் காலடி ஒன்று. திரையில் காமாக் கதிரின் கோடு எழும்பியது. இன்னொரு காலடி. கோடு இன்னும் எழும்பியது.

ஓடிப்போய் அறைக்கதவைப் பூட்டினாள். இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். காலடி கதவுக்கு வெளியே நின்றது.

கதவுப் பலகை மெல்ல வெளித்து ஊடுதெரிந்தது. பனிமூட்டம் போல. பிறகு கண்ணாடி போல.

அப்பால் அவன் நின்றான். தோல் இல்லை. சதை இல்லை. பல்வரிசை. விலா எலும்புகள். அவற்றுக்குள், நெஞ்சிருக்கும் இடத்தில், நின்று எரியும் வெள்ளை வெளிச்சம்.

“றெஜி, கதவைத் திறவும். குளிருது.”

விரல் எலும்புகள் மடங்கின. தட்டின.

அவள் குனிந்து கதவை அழுத்தியிருந்த தன் கைகளைப் பார்த்தாள். அங்கேயும் எலும்புகள் மட்டுமே இருந்தன.